எண்ணூர் சாலையில் ஒரு ஷட்டரும் எட்டு இலாகாவும்

அழைப்பு என் மேலதிகாரி அஸ்லினாவுக்குத்தான் வந்தது. பருவநிலை மாறுகிறது, கடல் ஏறுகிறது, மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டுகிறது. இதையெல்லாம் சமாளிக்க அரசு இலாகாக்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று சென்னையில் கூடிப் பேசுகிறார்களாம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து தம் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். அஸ்லினா முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நீ தமிழன்தானே மணியம், நீ போய்விட்டு வா" என்றார் மலாயில். "அங்கே யார் யாரிடம் சொல்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால் போதும்."

நான் மலேசியாவில், கிள்ளானில், கடலோர வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடுகிறவன். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. கடல் ஏறும் நேரத்தில் கதவை இறக்குவேன், வற்றியதும் தூக்குவேன். கூட்டங்களில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம், பேச்சில் என்ன சிரமம் வந்துவிடப் போகிறது என்று கிளம்பிவிட்டேன்.

ராயபுரத்தில் ஆட்டோ ஏறியதுமே சிரமம் தொடங்கிவிட்டது.

"இன்னா சார், ஃபாரினா? லாட்ஜாண்ட வுட்டுடறேன், குந்து" என்றார் ஓட்டுநர். அந்தோணி என்று பெயர். கழுத்தில் சிலுவை, கண்ணாடிக்கு மேலே மாதா படம். குந்து என்றால் உட்கார் என்பது, நான் இரண்டு முறை முழித்த பிறகுதான் தெரிந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பாதி காதில் விழுந்தது, கால்வாசி விளங்கியது.

"நாளான்னிக்கு மயை கீதுன்றாங்க சார்."

"மாயையா?"

"ஆமா சார், மயைதான். ரெண்டு நாளு புட்ச்சி பேஞ்சா போதும், வூடெல்லாம் கலீஜாயிடும்."

மாயை பெய்து வீடுகள் பாழாவதை நினைத்தபடி நான் பேசாமல் வந்தேன். இந்த ஊரில் ஆட்டோக்காரர்கள் வேதாந்தம் பேசுவார்கள் போலிருக்கிறது என்று ஒரு மரியாதைகூட வந்தது. லாட்ஜ் வாசலில் இறக்கிவிடும்போது அவர் அண்ணாந்து மேகத்தைக் காட்டினார். மழை! வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவரே பீச் ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போய் அத்தோ வாங்கித் தந்தார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தந்தார் கடைக்காரர். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எங்கள் ஊரில் வறுத்துத் தரும் நூடுல்ஸான மீ கோரிங்குக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. வந்ததிலிருந்து எனக்கு முழுசாக விளங்கிய முதல் விஷயம் அதுதான். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை என்னைக் கூட்டிப்போக வேண்டியவர் கௌசல்யா. உதவிப் பொறியாளர், முப்பது வயதைத் தாண்டியிருப்பார், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். "டோல்கேட் வந்து நில்லுங்க சார், நான் மாத்தூர்ல இருந்து வண்டில வந்துருதேன்" என்று போனில் சொன்னார். நான் மகிழ்ந்துபோனேன். கேட் என்றால் எனக்கு வாய்க்கால் கதவுதான். கூட்டத்துக்கு முன்னால் அதைக் காட்டுகிறார், நல்ல பெண் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறி டோல்கேட்டில் இறங்கி, கைப்பேசியில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றிமுற்றிப் பார்த்தேன். கடைகள், பஸ்கள், கன்டெய்னர் ஏற்றிய லோரிகளின் வரிசை. கதவும் இல்லை, கடலும் இல்லை.

டீக்கடையில் கேட்டேன். "இங்கே கேட் எங்கே இருக்குங்க?"

"இதான் சார் டோல்கேட்டு."

"சரி, அந்தக் கேட்டைப் பார்க்கணும்."

"பாத்துக்கினுதான கீற?"

"தண்ணீரை மூடுகிற கேட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "தண்ணிய மூடணுமாம்பா இவருக்கு" என்றார். இருவரும் என்மேல் இரக்கப்பட்டு ஒரு பன்னும் தந்தார்கள்.

லோரி நெரிசலில் சிக்கி முக்கால் மணி நேரம் கழித்து வந்த கௌசல்யா கதையைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கேட் என்பது அந்தச் சந்திப்பின் பெயர் மட்டும்தானாம். நான் தேடுவதை இங்கே ஷட்டர் என்பார்களாம். "ஷட்டர்னு கேட்டிருந்தாலும் கடையைச் சாத்தச் சொல்லுதீங்கன்னு நினைச்சிருப்பாங்க" என்றார். பிறகு, "பசியாறியாச்சாம்மா?" என்று நான் கேட்டதற்கு அவரும் முழித்தார். சாப்பிட்டாயா என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம் என்றேன். கணக்குச் சரியாகிவிட்டது.

கூட்டம் ஒரு பெரிய அலுவலகக் கூடத்தில் நடந்தது. எட்டு இலாகாக்காரர்கள், ஆளுக்கொரு வரைபடம். மழைநீர் வடிகால், ஆற்றுமுகம், சாலை, மின்சாரம், மீன்வளம் என்று வரிசையாக எழுந்து பேசினார்கள். எல்லோரும் வேலை தெரிந்தவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே வாய்க்காலை ஒருவர் ஓடை என்றார், ஒருவர் வடிகால் என்றார், ஒருவர் எண்ணால் குறிப்பிட்டார். வெகு நேரம் நான் மூன்று வாய்க்கால்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரைபடத்தில் அது சாலைக்கு முன்பே முடிந்தது. இன்னொன்றில் சாலைக்குப் பின்னால் தொடங்கியது.

"சாலைக்கு அடியில் போகிற துண்டு யாருடையது?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், குத்திக்காட்ட அல்ல. எட்டுப் பேரும் தத்தம் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

டீ முடிந்ததும், தலைமை தாங்கிய அதிகாரி என் பக்கம் திரும்பினார். கண்ணியமான மனிதர். "உங்க நாட்டுல இதையெல்லாம் எந்த அமைப்பு ஒருங்கிணைக்குது?"

"எனக்குப் போன் வரும் சார். மூடுன்னு சொன்னா மூடுவேன்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மூடணும்னு யார் முடிவு பண்றாங்க?"

"ஆபீஸ்ல."

"எதை வெச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கடல் மட்டம் பார்ப்பார்கள் என்று தெரியும். வேறு எதைப் பார்க்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று அஸ்லினாவுக்காக வரைந்த படத்தில், எட்டு இலாகாவும் வாய்க்காலின் மூன்று பெயர்களுமாகப் பதினொரு பெட்டிகளும் ஒரே ஒரு அம்புக்குறியும் இருந்தன. அந்த அம்பும் எந்தப் பக்கம் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றாம் நாள் ஷட்டரைப் பார்த்தேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கருங்கல் கொட்டிய கரை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நெருக்கி அடித்த சிறு வீடுகள், தூரத்தில் புகைபோக்கிகள். காற்றில் கருவாடும் எரிவாயுவும் கலந்த வாசனை. கற்களுக்கு நடுவே வாய்க்கால் கடலில் இறங்கும் இடத்தில் அது நின்றது. ஆள் உயரத்துக்கு மேலான இரும்புப் பலகை, பாதி இறங்கிய நிலையில் துருவேறி இறுகிப்போயிருந்தது. சுற்றும் சக்கரத்தைக் காணோம். திருகுத்தண்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

அங்கே குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. வாய்க்காலில் வரும் பிளாஸ்டிக்கையும் கட்டைகளையும் கம்பி வலையிலிருந்து வாரி எடுப்பது அவர் வேலை. ஒப்பந்தத் தொழிலாளி. வீடும் கரையோரத் தெருவில்தான்.

"இத்த வெச்சி ரெண்டு வர்சம் ஆவுது சார். ஒரு தபாகூட மூடி பாக்கல. அமாவாச பௌர்ணமின்னா கடலு இது வயியா பூந்து வூட்டாண்ட வந்து குந்திக்கினு கீது."

கடலைப் பார்த்தேன். எங்கள் கிள்ளானில் கடல் ஏறி இறங்குவது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். இங்கே இடுப்பளவுகூடத் தேறாது என்று கௌசல்யா சொல்லியிருந்தார். இவ்வளவுதானா, இதற்கா எட்டு இலாகா என்று மனசுக்குள் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது. அந்த நிமிடமே ஒரு அலை கல்லில் மோதி என்னைத் தலையோடு கால் நனைத்தது. எங்கள் கடலுக்கு இப்படி அடிக்கத் தெரியாது. எங்கள் ஊரில் வாய்க்கால் முகத்தில் சேறு மெல்ல மெல்லப் படியும். இங்கே ஒரு ராத்திரியில் மணல் வந்து மூடிவிடுமாம். மணல் எடுப்பது இன்னொரு இலாகாவாம்.

"இதை ஓடவைக்கலாம்" என்றேன். இரும்பும் கிரீஸும் எனக்குத் தெரிந்த விஷயம். மூன்று நாளில் முதல் தடவையாக என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்டது.

பூட்டைத் திறக்க அனுமதி வேண்டும். கௌசல்யா கல்லின்மேல் உட்கார்ந்து போன் போட்டார். முதல் இலாகா, சங்கிலிதான் எங்களுடையது, பூட்டு இல்லை என்றது. இரண்டாவது, பூட்டு எங்களுடையதாக இருக்கலாம், சாவி ஒப்பந்தக்காரரிடம் இருந்தது, அவர் இப்போது இல்லை என்றது. மூன்றாவதில் யாரோ ஒரு நல்லவர், "உடைச்சிக்கோங்க மேடம். நாங்க சொன்னோம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். கௌசல்யா போனைப் பைக்குள் வைத்தார். பிறகு ஏழுமலையிடம், "உடைங்க. நான் சொன்னேன்னு எழுதிக்கிடுதேன்" என்றார்.

சக்கரத்துக்காகத் தண்டையார்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு அந்தோணியின் ஆட்டோவில் போனோம். வெல்டர் இந்திக்காரர். அவர் இந்தியில் கேட்டதை அந்தோணி மெட்ராஸ் பாஷையில் சொல்ல, அதைக் கௌசல்யா எனக்கு விளங்கும் தமிழில் சொன்னார். என் பதில் அதே வழியாகத் திரும்பிப் போனது. இத்தனை கை மாறியும் சாயங்காலத்துக்குள் சக்கரம் அச்சாகப் பொருந்தும் அளவில் வந்துவிட்டது. கூட்டத்தில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, அங்கே ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

நான்காம் நாள் முழுக்க மண்ணெண்ணெய், கிரீஸ், சுத்தியல். மத்தியானத்துக்குள் திருகுத்தண்டு முனகியது. பிறகு ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பலகை முழுசாக இறங்கித் தரையில் உட்கார்ந்தபோது, வேடிக்கை பார்த்த தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். "சோக்கா கீது சார்!" என்று ஏழுமலை என் முதுகில் தட்டினார், கிரீஸ் கையோடு.

சாப்பிட அவர் வீட்டுக்கு அழைத்துப்போனார். வாசலிலேயே தலையில் இடித்துக்கொண்டேன். "குனி சார், குனி" என்று அவர் மனைவி செல்வி உள்ளேயிருந்து கத்தினார். வீட்டுக்குள் நிமிர்ந்து நின்றால் மின்விசிறி தலையில் படும்போல் இருந்தது. ஜன்னல் என் இடுப்புக்குக் கீழே இருந்தது.

"தரைய மூணு தபா ஏத்திட்டோம் சார். கடலு ஏற ஏற நாங்களும் ஏத்திக்கினே வந்தோம். கூரைதான் அங்கியே நிக்கிது. இன்னொரு தபா ஏத்துனா நானு குந்திக்கினேதான் சோறாக்கணும்" என்று சிரித்தபடியே சங்கரா மீன் குழம்பை ஊற்றினார். காரம் காதில் ஏறியது. கூட்டத்தில் எட்டு இலாகாவும் திரையில் படம் போட்டுக் காட்டியதில், இப்படி ஒரு வீடு வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி சுமாருக்குக் கடல் உச்சத்துக்கு வரும். பௌர்ணமி. மழையும் உண்டு என்றார்கள். எப்போது மூடுவது என்று கௌசல்யா கேட்டார். "ஏழு மணிக்கு மூடிடுங்க. கடல் இறங்கினதும் திறந்துடலாம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில் அது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் ஏழு மணிக்கு ஏழுமலையும் நானும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றி மூடினோம். ஏழரைக்கு மழை பிடித்தது. எதிரே நிற்பவர் முகம் தெரியாத மழை. எட்டரைக்குக் கடல் வெளிப்பக்கம் பலகையில் அறைந்துகொண்டிருந்தது. உள்ளே தெருவில் மழைத்தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. செல்வி வாசலில் நின்று, "இன்னிக்கி கட்டில் மேல அடுப்பு ஏத்தாம இட்லி ஊத்திக்கினு கீறேன்!" என்று மழைக்கு மேலே கத்தினார். நான் கையை ஆட்டினேன். இருபத்தாறு வருட வேலையில் ஒருவரும் எனக்கு அப்படிக் கத்திச் சொன்னதில்லை.

பக்கத்தில் நின்ற கௌசல்யாவுக்குப் போன் வந்தது அப்போதுதான். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "ரயில் பாதைக்கு மேற்கால ஒரு தெருவுல தண்ணி வீட்டுக்குள்ள ஏறுதாம். மழையில ஏறல, வடிகாலுக்குள்ள இருந்து மேல வருதாம்." இன்னொரு போன். அதை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தத் தெரு வடிகாலைப் போன வருசம் இந்த வாய்க்கால்ல கொண்டுவந்து சேர்த்திருக்காங்கண்ணே. வேற இலாகா. அன்னைக்குக் கூட்டத்துல காட்டுன எந்தப் படத்துலயும் அது இல்ல."

அண்ணே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. நான் மூடச் சொன்ன கதவு அந்தத் தெருவின் மழையை வெளியே விடாமல் நிறுத்திவைத்திருந்தது.

"திறங்க ஏழுமலை" என்றேன்.

அவர் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி நகரவில்லை. "தொறந்தா கடலு உள்ள வந்துடும் சார். அவ இப்பதான் இட்லி ஊத்திக்கினு கீறா."

கௌசல்யா என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் கதவுக்குப் பக்கத்திலேயே பம்பு இருக்கும், மூடியபடியே உள்தண்ணீரை இறைத்து வெளியே தள்ளலாம். இங்கே பம்பு இல்லை. தண்ணீர் மட்டம் பார்க்க அளவுகோல்கூட இல்லை. யாரிடமாவது போன் போட்டுக் கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது?

குப்பை வாரும் மூங்கில் கழி அங்கே கிடந்தது. அதை எடுத்துப் பலகையின் மேல்விளிம்பிலிருந்து கடல் பக்கம் விட்டேன், அலை விலகும் நேரம் பார்த்து. தண்ணீர் தொட்ட இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டேன். பிறகு உள்பக்கம் விட்டேன். உள்ளே இருந்த தண்ணீர் ஒரு சாண் மேலே இருந்தது.

"பாருங்க. மழைத்தண்ணி கடலைவிட உயரமா நிக்குது. திறந்தா வெளியேதான் போகும்."

"அலை வர்றப்போ?"

"அலை வரும்போது கொஞ்சம் உள்ளே வரும்." பொய் சொல்ல முடியவில்லை.

ஏழுமலை கழியை என் கையிலிருந்து வாங்கினார். தானே விட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும், இரண்டு தடவை. மழையில் அவர் அழுகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. "ரயிலுக்கு அந்தாண்டயும் வூடுதான சார் கீது" என்று முணுமுணுத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். கால்வாசி திறந்தோம். பழுப்புத் தண்ணீர் கற்களுக்கு நடுவே கடலுக்குள் பாய்ந்தது. ஆறேழு அலைக்கு ஒரு அலை எதிர்த்து ஏறிக் கரையோரத் தெருவுக்குள் போனது. செல்வி அடுப்பைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். இந்த முறை அவர் என்னைப் பார்த்துக் கையாட்டவில்லை.

மழை விட்டதும் ரயில் பாதைக்கு மேற்கே போனோம். அந்தோணி ஆட்டோவை முழங்கால் தண்ணீர் வரைக்கும் ஓட்டினார், பிறகு நடந்தோம். கௌசல்யாவின் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்ததும் தெருவே சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்று கத்தியவர் சாந்தி. மாவு அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கிரைண்டர் மோட்டார் தண்ணீரில் மூழ்கிக் கருகிவிட்டது. ஊறப்போட்ட அரிசி முழுக்கச் சாக்கடை. கௌசல்யா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முன்னால் போனேன்.

"அம்மா, அங்கே கடலோரத்தில் ஒரு ஷட்டர் இருக்கு. அதை மூடச் சொன்னது நான்தான். உங்க தெருத் தண்ணி அங்கே வருதுன்னு எனக்குத் தெரியாது. தப்பு என்னுதுதான்."

"நீ யாரு?"

"மணியம். மலேசியாவிலிருந்து வந்திருக்கேன். கிள்ளான்."

"அம்மாந்தூரத்துலேந்து வந்து எங்க தெருவ முக்கினியா?"

யாரும் சிரிக்கவில்லை. கைகட்டி நின்றேன். அவர் திட்டித் தீர்த்தார். பாதி விளங்கவில்லை, விளங்காதவரைக்கும் நல்லது என்றுதான் தோன்றியது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த ஷட்டரு எங்க கீது? இம்மாம் வருசமா இங்கதான் கீறேன், அப்டி ஒண்ணு கீதுன்னே எனக்குத் தெரியாதே. நான் பாக்கணும்" என்றார்.

ஈரப் புடவையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். கடலோரத்தில் ஏழுமலையைப் பார்த்ததும் சண்டை புதிதாகத் தொடங்கியது. "உன் வூடு மட்டும் காயணும், எங்குது மூய்கணுமா?" என்றார் சாந்தி. "எங்க வூட்ட வந்து பாரு மொதல்ல" என்றார் ஏழுமலை. சாந்தி போய்ப் பார்த்தார். குனிந்து உள்ளே போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. செல்வியோடு பேச்சுச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"மூடறதுக்கு மின்ன எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, மோட்டார கயட்டி பரண்ல வெச்சிருப்பேன்ல?"

"உன் நம்பரு எனக்கு எப்டி தெரியும்?" என்றார் ஏழுமலை.

"இப்ப எய்திக்கோ."

எழுதிக்கொண்டார். சாந்தி தம் போனில் அவர் பெயரை ஷட்டரு என்று போட்டுக்கொண்டார். அன்று நான் பார்த்த ஒருங்கிணைப்பு அவ்வளவுதான். கருகிய மோட்டாருக்கு அது ஈடாகாது. ஆனாலும் நான் வரைந்த பதினொரு பெட்டிப் படத்தில் இந்த இருவருக்கும் இடமே இல்லாமல் இருந்தது.

பூட்டை உடைத்தது யார் உத்தரவில் என்று மாலையே கௌசல்யாவிடம் விளக்கம் கேட்டார்கள். என் ஆலோசனையின்பேரில்தான் எல்லாம் நடந்தது என்று கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "வேண்டாம்ணே. வெளிநாட்டுக்காரர் சொன்னாருன்னு முடிச்சு ஃபைலை மூடிருவாங்க. அந்தத் தெரு வடிகாலைச் சேர்த்த விசயத்தை நானே எழுதுதேன். அப்பதான் எட்டு பேரும் ஒரே படத்தைப் பாப்பாங்க." அவர் குரலில் தைரியம் இருந்தது. பிறகு அவர் அனுப்பிய செய்திகளின்படி, விளக்கம் கேட்பது இன்னும் முடியவில்லை. ஷட்டர் இன்னும் எந்த இலாகாவின் பெயரிலும் ஏறவில்லை. ஏழுமலை மூடுவதற்கு முன்னால் சாந்திக்குப் போன் செய்கிறார், சாந்தி தெருவில் எல்லோருக்கும் சொல்கிறார். சில நாள் மூட வேண்டாம் என்கிறார், அன்று மறுபடி சண்டை.

ஊர் திரும்பி அஸ்லினாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். படம் எங்கே என்றார். அது உதவாது, கொண்டுவரவில்லை என்றேன். நான் செய்த தப்பை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு, என் கதவிலிருந்து வாய்க்காலோரமாகவே உள்ளே போனேன். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடல் பக்கம். ஒரு தொழிற்சாலை மதிலைத் தாண்டி, பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி, வாய்க்கால் ஒரு குடியிருப்புக்குள் நுழைந்தது. கடைசி வீட்டில் ஒரு மலாய்ப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியதும், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

"கடலோரத்தில் தண்ணீர்க் கதவை மூடுகிறவன் நான். மழை நாளில் நான் மூடினால் இங்கே என்ன ஆகிறது என்று பார்க்க வந்தேன்."

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, வெளிக்கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். கூடத்துச் சுவரில், என் முழங்கால் உயரத்தில், தண்ணீர் நின்ற தடமாக ஒரு பழுப்புக் கோடு சுற்றிலும் போயிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று.